கயிற்றின் மேல்முனை

வெட்டிய புல்லின் மணத்தோடு பெற்றோல் மணமும் சேர்ந்து வந்தால் எனக்குப் பொறாமை கிளம்பும். ஜூன் மாதத்தில் நோர்வேயின் இந்த ஹொல்ம்லியாவில் யன்னலைத் திறந்து வைத்திருக்கிற எல்லோருக்கும் அது கோடையின் மணம். எனக்கு மட்டும் நெஞ்சுக்குள் ஏதோ புளிக்கும். இன்று காலையும் அப்படித்தான். கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற மேட்டின் சரிவில், செம்மஞ்சள் நிறத்தில் ஆமை மாதிரி ஒரு யந்திரம் தன்பாட்டில் ஊர்ந்து புல் வெட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஆள் இல்லை. கீழே நடைபாதையில் ஒரு பெண் கழுத்தில் தொங்கிய பெட்டியிலுள்ள பொத்தான்களை இரண்டு பெருவிரல்களால் அசைத்தபடி நின்றாள். சரிவில் இருந்த யந்திரத்துக்கும் அவளுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை, காற்றைத் தவிர. எங்கள் காலத்தில் நடுவே ஒரு கயிறு இருந்தது. அந்த நீல நைலோன் கயிறு இப்போதும் நிலவறையில், எங்கள் வீட்டுக்குரிய கம்பிக்கூண்டுக்குள், உடைந்த சறுக்குவண்டிக்குப் பின்னால் சுருண்டு கிடக்கிறது. அதன் மேல்முனையைப் பிடித்தவன் நான். கீழ்முனையில் மச்சான்.

மச்சான் என்றால் என் தங்கையின் புருஷன். தங்கை வருவதற்கு முன்பே அவன் எனக்கு மச்சான்தான். வெஸ்ட்லியில், ரயில் பாதை முடிகிற இடத்திலிருந்த உயரக் கட்டடம் ஒன்றில், ஒரே அறையில் இரண்டு மெத்தை போட்டுக் கிடந்த காலத்தில் பகிடிக்குக் கூப்பிட்ட சொல், பிறகு உறவாகிவிட்டது. அவனும் என்னை மச்சான் என்பான், நானும் அவனை மச்சான் என்பேன். ஒரு மலைச்சரிவில் நின்று கத்துவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. எவன் கூப்பிட்டாலும் மற்றவன் திரும்புவான்.

பிறகு இருவரும் ஹொல்ம்லியாவுக்கு வந்தோம். குடியிருப்புகளைப் பராமரிக்கிற ஒரு சிறிய கம்பனியில் வேலை. பனிக்காலத்தில் பனி தள்ளுவோம், கோடையில் புல் வெட்டுவோம், நடுவில் குழாய், பூட்டு, குப்பை. அந்தப் பின்மேடு இயற்கையாக வந்ததல்ல. இந்தக் கட்டடங்களுக்கு அத்திவாரம் தோண்டிய மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் பின்னால் குவித்துவிட்டார்கள். பனி விழுந்தால் பிள்ளைகள் அதில் சறுக்குவார்கள். பனி உருகினால் புல் எங்கள் தலையில். நேராக ஏறினால் புல்வெட்டி நம்மேல் சரியும், குறுக்கே தள்ளினால் தன்பாட்டில் வழுக்கும். மச்சான்தான் வழி கண்டுபிடித்தான். சில்லு இல்லாமல் காற்றில் மிதக்கிற இலேசான புல்வெட்டியை எடுத்து, அதன் கழுத்தில் கயிறு கட்டி, மறுமுனையை என்னிடம் தந்து மேலே ஏற்றிவிட்டான். பாரம் என் கையில். திசை அவன் கையில். அவன் சரிவின் குறுக்கே நடந்து ஒரு பட்டை வெட்டி முடிப்பான். "விடு" என்பான், நான் அரைப் பாகம், ஒரு கை நீளம், கயிறு விடுவேன். "பிடி" என்பான், இறுக்குவேன். கீழ்வரைக்கும் போனதும் "இழு மச்சான், இழு!" நான் கயிற்றைத் தோளில் போட்டு, சரிவைப் பார்த்தபடியே பின்னுக்கு நடப்பேன், துலா இழுக்கிறவனைப்போல. மேட்டின் உச்சி காற்பந்துத் திடல் மாதிரித் தட்டை. திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. அந்தப் பின்நடையில் எனக்கொரு கர்வமே இருந்தது. நான் எழுதிய கவிதை வரிகளில் அநேகம் அந்த நடையில் வந்தவை. முன்னால் மச்சானின் உச்சந்தலை சரிவின் விளிம்பில் மெல்ல மெல்ல உதிக்கும். அது தெரிந்ததும் ஒரு சொல் வரும்.

சம்பளத்துக்கு இப்படி வேலை செய்தவன், சம்பளமில்லாத வேலை என்றால் காத தூரம் ஓடுவான். இங்கே வசந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு, டுக்னாட். குடியிருப்பிலுள்ள எல்லோரும் ஒருநாள் கூடி முற்றத்தைக் கூட்டி, உட்காரும் வாங்குகளுக்கு வர்ணம் பூசி, கடைசியில் சேர்ந்து சொசேஜ் சாப்பிடுவார்கள். எங்கள் ஆட்கள் றோல்ஸும் வடையும் கொண்டுவருவார்கள். டுக்னாட் அறிவித்தல் கதவில் ஒட்டப்பட்ட அன்றே மச்சானுக்கு முதுகு பிடித்துவிடும். "கிழமை முழுக்க இதைத்தானே செய்யிறம். ஞாயிற்றுக்கிழமை சும்மா செய்ய எனக்கென்ன விசரே?" என்று யன்னலோரம் படுத்திருப்பான். றோல்ஸ் வந்ததும் முதுகு சரியாகிவிடும்.

பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் படிப்பு வேண்டும் என்று எத்தனையோ குடும்பங்கள் இங்கிருந்து இங்கிலாந்துக்குப் போயின. தங்கையும் மச்சானும் போனார்கள். லண்டனுக்கு அல்ல, வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊருக்கு. அங்கே அவனுக்கு பஸ் ஓட்டுகிற வேலை கிடைத்தது. போகிற அன்று ஹவுகெட்டோ ஸ்டேசனில் பெட்டிகளுக்கு நடுவே நின்று, "பிள்ளையள் படிச்சு முடியத் திரும்பி வந்திடுவம் மச்சான். கயிறைக் கவனமா வை," என்றான். நான் வைத்தேன். பிள்ளைகள் படித்தார்கள், முடித்தார்கள், வேலைக்கும் போய்விட்டார்கள். நான் மேட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மூன்று கோடைகளுக்கு முன்பு எங்கள் எதிர்வீடு காலியாகப்போவதாகத் தெரியவந்தது. அதில் இருந்த நோர்வேக்கார அம்மா முதியோர் இல்லத்துக்குப் போவதாக முடிவு. பின்னேர வெயில் முழுவதும் விழுகிற வீடு. பல்கனியிலிருந்து எட்டினால் மேடு. விளம்பரம் போடுவதற்கு முன் எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள் என்று அவரது மகனிடம் கேட்டு வைத்தேன். இதை மச்சானுக்குத் தொலைபேசியில் சொல்லக்கூடாது, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று பிளேன் ஏறினேன். போகும்போதே மனத்தில் தளபாடமெல்லாம் அடுக்கிவிட்டேன். மச்சானின் சாய்கதிரை பல்கனியில், வலதுபக்கம்.

போய் இறங்கிய அன்று வீட்டில் தங்கை மட்டும்தான் இருந்தாள். தேத்தண்ணி ஊற்றினாள். "எங்கை அவன்?" என்றேன். அவள் சமையலறை யன்னலைக் கரண்டியால் காட்டினாள்.

"சனிக்கிழமையிலை அவரை இஞ்சை தேடாதேங்கோ அண்ணா. நான் இப்ப ரெண்டாந்தாரம். மூத்தவ அங்கை நிக்கிறா."

யன்னலுக்கு வெளியே, வீட்டுக்கூரைகளுக்கு மேலாக, பச்சையாக ஒன்று எழும்பி நின்றது. கவிழ்த்த கிண்ணம்போல, ஆனால் தலை வெட்டப்பட்ட கிண்ணம். குன்று என்று சொல்ல முடியாது. குன்றுக்கு இவ்வளவு ஒழுங்கு வராது. யாரோ வேண்டுமென்றே செய்தது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரத்துக்குள் அதன் வரலாற்றைத் தங்கையே சொல்லி முடித்துவிட்டாள், சலித்துக்கொண்டே. நோர்மன்காரர் கடல் கடந்து வந்து நாட்டைப் பிடித்தபோது, பிடித்ததை விட்டுவிடாமல் இருக்க ஊர்ச்சனத்தைக் கொண்டே வட்டமாக அகழி வெட்டுவித்து, அந்த மண்ணை நடுவே குவித்து, அதன் உச்சியில் மரக்கோபுரம் நட்டார்களாம். பக்கத்தில் தாழ்வாக ஒரு முற்றம், அதைச் சுற்றி இன்னொரு மண் அணை. குதிரைகளும் சமையலும் கொல்லனின் உலையும் அந்த முற்றத்தில். பின்னால் வந்தவர்கள் மரத்தை எடுத்துவிட்டுக் கல்லால் கட்டினார்கள். அதற்கும் பின்னால் வந்தவர்கள் கல்லைக் கொண்டுபோனார்கள். தேவாலய மதிலில் கொஞ்சம், பாலத்தில் கொஞ்சம், இந்தத் தெருவின் பழைய வீடுகளில் கொஞ்சம். மண்ணை மட்டும் எவரும் கொண்டுபோகவில்லை. மண்தான் எங்கும் இருக்கிறதே, யார் சுமப்பார்?

நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குள் அது தொடங்கிவிட்டது. ஐம்பதைத் தாண்டியவன், தாடி நரைத்தவன், இரண்டு தொகுப்புப் போட்டவன், ஒரு மண்குவியலின் மேல் பொறாமைப்படுகிறேன். எங்கள் மேடும் தோண்டிய மண்ணைக் குவித்ததுதான். அதற்கு ஓர் அறிவிப்புப் பலகைகூடக் கிடையாது. இதைப் பிறகு மச்சானிடம் சொன்னபோது சிரித்தான். "உதுக்கு வயசு காணாது மச்சான். ஒரு ஆயிரம் வருசம் ஊறவிட்டுப் பார்."

அவன் அகழியின் வாயில் எனக்காகக் காத்து நின்றான். கட்டிப்பிடித்தான். வெட்டிய புல்லும் பெற்றோலும் அவன் சட்டையில் மணந்தன. அதே மணம், வேறொரு மேட்டிலிருந்து. அகழியில் இப்போது தண்ணீர் இல்லை. காஞ்சொறியும் ஈரமும்தான். பக்கத்து மண் அணையின் மேலால் ஒரு நல்ல ஒற்றையடிப்பாதை போக, அவன் என்னைப் பள்ளத்துக்குள்ளால் கூட்டிக்கொண்டு போனான். நானும் கேள்வியில்லாமல் பள்ளத்துக்குள்ளாலேயே நடந்தேன். ஊரில் சண்டைக்குள் இருந்து வந்த எங்களைப் போன்றவர்களுக்கு அணை என்பது ஏறுகிற இடமல்ல, மறைகிற இடம். தலை வானத்தில் தெரியக்கூடாது. கொஞ்சத் தூரம் போனபிறகுதான் இருவருமே குனிந்து நடக்கிறோம் என்பது எனக்கு உறைத்தது.

"முதல்நாளும் இப்பிடித்தான் வந்தனான்," என்றான். "இஞ்சை புல்லு வெட்டுற ஆக்களிலை ஒராள், ஒரு டென்டிஸ்ட், மேலை நிண்டு பாத்துக்கொண்டிருந்தவர். பாதை இருக்க ஏன் கிடங்குக்குள்ளாலை வாறாய் எண்டு கேட்டார்."

"நீ என்ன சொன்னனி?"

"சொன்னனான், எல்லாத்தையும். அந்த வாங்கிலை இருந்து."

எல்லாத்தையும். வெஸ்ட்லியில் இரண்டு மெத்தைகளுக்கு நடுவே ஒரு பலகை அகலம்தான் இடைவெளி. அவன் நித்திரையில் கத்துவான். நான் லைட்டைப் போடுவேன். காலையில் ஒன்றும் கேட்கமாட்டேன். கேட்காமல் இருப்பதுதான் மரியாதை, அதுதான் எங்களுடைய நட்பு என்று நம்பியிருந்தேன். ஊரில் அணைக்குப் பின்னால் அவனுக்கு என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இங்கே ஒருவர் வாங்கில் உட்கார்ந்து சும்மா கேட்டார், இவன் பஸ் ஓட்டப் பழகிய இங்கிலிஷில் முழுவதையும் சொல்லிவிட்டான். அந்தப் பள்ளத்தில் நின்று அவன் முகத்தைப் பார்த்தேன். "எனக்கும் சொல்லன்" என்று கேட்க நாக்கு எழும்பியது. கேட்கவில்லை. முதலில் கேட்டவன் வேறொருவன் ஆகிவிட்டானே.

டென்டிஸ்ட் மேலே நின்றார். நெட்டையான மனிதர், சிவந்த காதுகள், வைக்கோல் தொப்பி. "மச்சான், இவர் முந்திப் பல்லுப் பிடுங்கினவர். இப்ப புல்லுப் பிடுங்கிறார்," என்று அறிமுகம் செய்துவிட்டு மச்சான் தன் பகிடிக்குத் தானே சிரித்தான். அவர் விளங்காமலே சேர்ந்து சிரித்தார். அவர் கையில் கயிறு இருந்தது. அது செம்மஞ்சள் நிறம். அதுகூட எனக்குப் பரவாயில்லை. மச்சான் சரிவில் இறங்கிப் புல்வெட்டியை முடுக்கினான். ஒரு பட்டை குறுக்கே போனான்.

"விடு!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"விடு," என்று திருப்பிச் சொல்லிக்கொண்டு அந்த வெள்ளைக்காரர் அரைப் பாகம் கயிறு விட்டார்.

"பிடி!"

"பிடி," என்றார் அவர். டகரம் அவர் வாயில் குழைந்தது. கை குழையவில்லை.

கயிறு கடையில் வாங்கலாம். மேடு அவர்களுடையது, இருக்கட்டும். அந்தச் சொற்கள் ஹொல்ம்லியாவில், மழைச்சட்டைக்குள் நனைந்துகொண்டு, எங்கள் இரண்டு தொண்டைகளுக்கு நடுவில் தேய்ந்து பழகியவை. அவற்றை அவன் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து இங்கே கொடுத்திருக்கிறான். டுக்னாட்டுக்கு முதுகு பிடித்தவன், ஒவ்வொரு சனிக்கிழமையும், ஒரு சதமும் வாங்காமல்.

டென்டிஸ்ட் நல்லவர். அதுதான் என் துரதிர்ஷ்டம். இளைப்பாறும்போது குடுவையிலிருந்து எனக்கும் தேத்தண்ணி ஊற்றித் தந்தபடி சொன்னார், நோர்மன்காரரின் பாட்டன் பூட்டன்மார் உங்கள் வடக்குப் பக்கத்திலிருந்து புறப்பட்டவர்கள்தான், அங்கேயிருந்து வேறெங்கோ போய் இருந்துவிட்டுத்தான் இங்கே வந்தார்கள், ஆகவே உங்கள் மச்சான் வந்ததும் பழைய வழிதான் என்று. மச்சானின் முகம் மலர்ந்தது. அவர்களில் யாராவது திரும்பிப் போனார்களா என்று கேட்க நினைத்தேன். அந்தக் கேள்விக்கான பதிலின் மேல்தான் மூவரும் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவராகவே கயிற்றை என்னிடம் நீட்டினார். மச்சான் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். "எங்கட பழைய நீலக் கயிறு கிடக்குதே?" என்று கேட்டான் மச்சான். "கிடக்குது," என்றேன். "அப்ப வா. மேலை நடுவிலை ஒரு கிடங்கு இருக்கு, பாத்து," என்று சொல்லிக்கொண்டே இறங்கினான். நான் ஓம் என்றேன். என் காது கேட்கிற நிலையில் இல்லை. கயிறு கையில் ஏறியதும் தோள் விழித்துக்கொண்டது. பாரம் அதே பாரம். விடு, பிடி, விடு, பிடி. அந்த மனிதர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்கட்டும். இன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுவேன். பல்கனி, பின்னேர வெயில், எல்லாம். கீழேயிருந்து "இழு மச்சான், இழு!" என்று வந்தது. எத்தனை வருஷம்! கயிற்றைத் தோளில் போட்டு, சரிவைப் பார்த்தபடி, கர்வத்தோடு பின்னுக்கு நடந்தேன்.

ஹொல்ம்லியா மேட்டின் உச்சி தட்டை. நோர்மன்காரரின் இந்த மேட்டின் உச்சியில் ஒருகாலம் கோபுரம் இருந்தது. கோபுரத்தின் கல்லை அடிவரைக்கும் கிண்டி எடுத்தவர்கள் விட்டுப்போன பள்ளம் நடுவில் புல் மூடிக் கிடந்தது. நான் காலை வைத்த இடத்தில் நிலம் இல்லை. மல்லாக்க விழுந்தேன். கயிறு கையை உரித்துக்கொண்டு ஓடியது. கீழே புல்வெட்டி ஒருமுறை அலறியது, பின் நின்றது. எனக்கு மேலே வட்டமாக வானம். மூச்சு வரவில்லை. யாரோ சரிவில் விழுந்தடித்து ஓடுகிற சத்தம் கேட்டது. மச்சான் வருகிறான் என்று நினைத்தேன். சத்தம் என்னைத் தாண்டவில்லை, என்னிடம் வரவும் இல்லை. பாதியில் நின்றது.

பள்ளத்தின் விளிம்பில் வைக்கோல் தொப்பிதான் வந்தது. அந்த மனிதர் முழங்காலில் நின்று நீண்ட கையை உள்ளே நீட்டினார். எனக்கு எந்த மொழி விளங்கும் என்று யோசித்திருப்பார் போலும். தனக்குத் தெரிந்த இரண்டு மூன்று தமிழ்ச் சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

"பிடி," என்றார்.

பிடித்தேன். வேறு என்ன செய்ய?

ஏறி நின்று பார்த்தபோது மச்சான் சரிவின் நடுவில் குந்தியிருந்தான். புல்வெட்டி புரண்டு அகழிக்குள் கிடந்தது. சரிந்த வேகத்தில் அதன் விளிம்பு ஓரிடத்தில் புல்லைத் தோலோடு கிளப்பியிருந்தது. ஒரு சுளகு அளவு. அங்கே செம்மண் தெரிந்தது, அவ்வளவு காலமும் வெளிச்சம் காணாத மண். அவன் கிளம்பிய புற்கரணையை இரண்டு கைகளாலும் தூக்கி, வேர் மடியாமல் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்து உள்ளங்கையால் அமத்திக்கொண்டிருந்தான். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி வைக்கிறவனைப்போல. அமத்தி முடித்துத்தான் நிமிர்ந்தான்.

"மச்சான், உனக்கொண்டும் இல்லையே?"

"இல்லை," என்றேன். "புல்லுக்கு?"

"பிடிக்கும். ரெண்டு நாளைக்குத் தண்ணி விட்டால் பிடிக்கும்," என்றான். முகத்தில் அவ்வளவு கவலை. ஹொல்ம்லியாவில் நாங்கள் இதைப்போல நூறு இடத்தில் கிளப்பியிருக்கிறோம். பூட்ஸால் மிதித்துவிட்டுப் போயிருக்கிறோம்.

அன்று சாப்பாட்டு மேசையில் தங்கை நண்டுக்கறி வைத்தாள். என் உரிந்த கைக்கு எண்ணெய் பூசிவிட்டாள். மச்சான் இரண்டுதரம் எழும்பிப்போய் யன்னலால் பார்த்தான், மழை வருமா என்று. "பாருங்கோ அண்ணா, மூத்தவவுக்குக் காயமாம்," என்று தங்கை கண்ணடித்தாள். எல்லோரும் சிரித்தோம். எதிர்வீட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. சொல்லியிருந்தால் அவன் யோசித்திருப்பான், எனக்காக யோசித்திருப்பான். அந்த யோசிக்கிற முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

இப்போது எதிர்வீட்டில் ஓர் இளங்குடும்பம் இருக்கிறது. பனிக்காலத்தில் அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் மேட்டில்தான். மச்சான் சனிக்கிழமைகளில் படம் அனுப்புவான். முதல் மாதங்களில் அந்தச் சுளகளவு இடத்தின் படமாகவே வந்தது. ஒருநாள் "பிடிச்சிட்டுது" என்று ஒரு சொல்லோடு வந்தது. எங்கே கிளம்பியது, எங்கே ஒட்டியது என்று தெரியாத முழுப்பச்சை. படத்தின் மேல் ஓரத்தில், புல்லின்மேல், ஒரு தொப்பியின் நிழலும் கயிற்றின் நிழலும் விழுந்திருந்தன. அந்த நிழலை நான் இரண்டு விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தேன். இன்று காலை அந்தப் பெண் சரிவை முடித்துவிட்டு, ஆமையை லொறிக்குள் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். மணம் மட்டும் வீட்டுக்குள் நின்றது. நான் நிலவறைக்கு இறங்கிப்போய், சறுக்குவண்டியை நகர்த்தி, கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து விறைத்திருக்கிறது. என் பக்கத்து முனையில் நான் போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது.

மூன்று கோடைகளுக்கு முன்பு நான் திரும்பிய அன்று, அந்தச் சிறிய ஊரின் ஸ்டேசனில், என்னை வழியனுப்ப வந்த மச்சான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரயில் வளைவில் தெரிந்ததும் சொன்னான்.

"வெயில் பக்கத்து வீடாமே."

என் மனைவி தங்கைக்குச் சொல்லியிருக்கிறாள். தங்கை அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். நான் வந்த நாள்முதல் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஓம்," என்றேன். "பின்னேரம் முழுக்க வெயில்."

"பல்கனியும் பெரிசாமே."

"ஓம். பெரிசு."

அவன் தலையாட்டினான். ரயில் வந்து நின்றது. என் பெட்டியை அவன்தான் தூக்கி உள்ளே வைத்தான். இறங்கி, கதவுக்கு வெளியே நின்று, நகங்களுக்குள் இன்னும் செம்மண் இருந்த கையால் ரயிலின் உடம்பில் ஒருதரம் தட்டினான்.

"நீலக் கயிறை எறிஞ்சு போடாதை, என்ன மச்சான்?"